ஐந்து சதத்தின் கணக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரிலே ட்ராம் வண்டி ஓட்டி வாழ்ந்தவர் ஏர்னஸ்ற் அக்கர்மன். 1937ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் அவர் தம் தொழிலிலிருந்து இளைப்பாறினார். தொழிலாளரின் முதுமைக் காப்புக்கென அவர்களுடைய சம்பளத்திலிருந்து ஒரு பங்கைப் பிடிக்கும் திட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்து அப்பொழுது ஒரே ஒரு நாள்தான் சென்றிருந்தது. ஆகவே, அத்திட்டத்தின் கீழ் அக்கர்மன் உழைத்ததும் ஒரு நாளே. அந்த ஒரு நாட் சம்பளத்திலிருந்து 5 சதம் பிடிக்கப்பட்டது. அவர் இளைப்பாறியபின் அரசாங்கம் அவருக்கு மொத்தமாகக் கொடுத்த தொகை 17 சதம்.

கேட்பவர்க்கு இது நகைப்பை விளைக்கும். 17 சதத்தைக் கொண்டு ஒரு முதியவர் என்ன செய்யக் கூடும்? ஆனால் அச்சிறு தொகை அவர் கையை அடைவதற்கு நிகழ வேண்டியிருந்தவற்றை எண்ணிப் பார்த்தால் நகைப்பு அடங்கிவிடும். அந்த 5 சதத்தை வாங்க வரி அதிகாரி எவரும் அக்கர்மன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களே அதனைக் கழித்து வைத்துக்கொண்டார்கள். கழித்ததோடு நில்லாமல், இன்ன பெயருடையவருக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்தோம் என்று எழுதியும் அனுப்ப வேண்டியவரானார்கள். அவ்வெழுத்து இல்லையேல் 17 சதமும் இல்லை. சம்பளத்தில் பணம் பிடிப்பதன் வரலாறு வரியின் வரலாறு என்றே பலரும் கருதுவர். உண்மையில் அது கணக்கின் வரலாறு. பிடிப்பது எளிது, பிடித்ததை உரியவன் பெயரில் எழுதி வைப்பதே கடினம். அந்த எழுத்தே பிடித்த பணத்தை நியாயமுடையதாக்குகிறது.

பணம் ஒருவன் கைக்கு வருமுன்பே வரியைக் கழித்துக்கொள்ளும் உபாயம் மிகப் பழையது. பிரித்தானியாவில் 1799ஆம் ஆண்டிலே பிரதம மந்திரி பிற் வருமான வரியை விதித்தபொழுது, மக்கள் தத்தம் வருவாயைத் தாமே கூறி வரி செலுத்த வேண்டியிருந்தது. எதிர்பார்த்த பணம் சேரவில்லை. 1803இல் அவருக்குப் பின் வந்த அடிங்ரன் வருவாய் பிறக்கும் இடத்திலேயே வரியைக் கழிக்கும் முறையைப் புகுத்தினார். வரி வீதம் முன்னையதிற் பாதியாகக் குறைக்கப்பட்டது. எனினும் கிடைத்த தொகை ஏறக்குறைய முன்போலவே இருந்தது. ஊற்றுக்கண்ணிலே குடத்தை வைத்தால் நீர் சிந்துவதில்லை என்பதை நிதி மந்திரிகள் அன்றே கண்டுகொண்டனர்.

அமெரிக்காவிலும் உள்நாட்டு யுத்தம் நடந்த 1862ஆம் ஆண்டில், மத்திய அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளத்தில், ஆண்டுக்கு 600 டொலருக்கு மேற்பட்ட பகுதியில் நூற்றுக்கு 3 வீதம் கழிக்கப்பட்டது. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில், 1872இல், அவ்வரியே ஒழிந்தது. 1913இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு வருமான வரி மீண்டும் வந்தபொழுது, சம்பளத்திற் பிடிக்கும் முறையும் உடன் வந்தது. முதலாளிமார் அதனைப் பெருஞ்சுமை என்று முறையிட்டனர். 1917இல் காங்கிரசு சபை அதனை நீக்கி, பணத்தைப் பிடிக்க வேண்டாம், எவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை அறிவித்தாற் போதும் என்று விதித்தது. இவ்வாறு பிடித்தம் வேறு, அறிக்கை வேறு எனப் பிரிந்தன. இவ்விரண்டும் மறுபடி ஒன்றுகூடுவதற்கு ஒரு பெரும் இடர் நேர வேண்டியிருந்தது.

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியே அந்த இடர். 1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். வங்கிகள் முறிந்தன. ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஒரே நாளில் இழந்த முதியோர் பலர். ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1934இல் ஒரு குழுவை அமைத்து, இந்நிலைக்குப் பரிகாரம் காணும்படி பணித்தார். அக்குழுவிற்குத் தலைமை வகித்தவர் தொழில் மந்திரி பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையார். அந்நாட்டு மந்திரி சபையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அக்குழுவின் முயற்சியால் உருவான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ற் 1935 ஓகஸ்ட் 14ஆம் நாள் கையொப்பமிட்டார்.

அச்சட்டத்தின் பணவிதி சுருக்கமானது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஒரு வீதம் பிடிக்கப்படும். முதலாளியும் தம் பணத்திலிருந்து அதே அளவு கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 3,000 டொலர் வரையுள்ள சம்பளத்திற்கே இது பொருந்தும். 1937 ஜனவரி முதலாம் நாள் பிடித்தம் தொடங்கும். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் காலம் வருமுன் 65 வயதை அடைந்தவர்களுக்கு, திட்டத்தின் கீழ் அவர்கள் பெற்ற சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றரை வீதம் ஒரே முறையில் வழங்கப்படும். அக்கர்மன் பெற்ற 17 சதம் இவ்விதியின்படி வந்ததே.

பிடித்தம் தொடங்குமுன்பே எதிர்ப்புத் தொடங்கிவிட்டது. 1936ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே குடியரசுக் கட்சியின் சார்பில் நின்ற கான்சாஸ் மாநில ஆளுநர் அல்ப் லாண்டன் இத்திட்டத்தைக் கடுமையாகத் தாக்கினார். தேர்தலுக்கு முந்திய சில வாரங்களில் முதலாளிமார் சிலர், தொழிலாளரின் சம்பள உறையினுள்ளே அச்சிட்ட துண்டுகளை வைத்துக் கொடுத்தனர். வரப்போகும் ஜனவரி முதல் உங்கள் சம்பளம் குறையும் என்பதே அத்துண்டுகளின் சாரம். முதலாளியும் அதே அளவு பணம் போட வேண்டும் என்ற செய்தியை அத்துண்டுகள் மறைத்துவிட்டன என்று ரூஸ்வெல்ற் பொதுக் கூட்டத்திலே சினந்து பேசினார். தொழிலாளர் ஒவ்வொருவரும் இலக்கம் பொறித்த தகட்டைக் கழுத்தில் அணிய நேரும் என்ற வதந்தியும் பத்திரிகைகளிற் படத்தோடு வெளிவந்தது. தேர்தல் முடிவில் லாண்டனுக்குக் கிடைத்தவை மெயின், வெர்மொன்ற் என்னும் இரண்டு மாநிலங்களே.

வதந்திகளுக்குப் பின்னால் ஓர் உண்மையான அச்சமும் இருந்தது. ஒரு தொழிலாளியின் பெயரும் இலக்கமும் வேலையிடமும் ஒரே ஏட்டிலே பதியப்படுமாயின், தொழிற்சங்கத்திற் சேர்ந்தவரை இனங்கண்டு வேலை மறுப்பதற்கு அதுவே கருவியாகாதா? சங்கத்தைச் சேர்ந்தவன் என்ற குற்றத்திற்காக வேலையிழந்தவர்கள் வாழ்ந்த காலம் அது. ஆகவே, பதிவுக்கான விண்ணப்பத்தை முதலாளியிடந்தான் கொடுக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தவில்லை. தொழிற்சங்கத்தின் மூலமோ, தபாற்காரர் மூலமோ, நேரே தபாற் கந்தோரிலோ கொடுக்கலாம் என்று வழிவிட்டனர்.

அக்காலத்திலே சமூகப் பாதுகாப்புச் சபைக்கு நாடெங்கும் கிளைக் கந்தோர்கள் இருக்கவில்லை. ஆனால் தபாற் கந்தோர் இல்லாத ஊர் இல்லை. எனவே அப்பெரும் பதிவு தபாற் பகுதியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1936 நவம்பரில் முதலில் முதலாளிமாருக்கும், ஒரு வாரத்தின்பின் தொழிலாளருக்கும் படிவங்கள் விநியோகிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒன்பது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் வழங்கப்பட்டது. ஒரே பெயரை ஆயிரம் பேர் தாங்கும் நாட்டில், எவர் பணம் எவருடையது என்று பிரித்தறிய எண்ணே துணை. 1937ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் 3 கோடிக்கு மேற்பட்டோர் பதிவு பெற்றனர். கணினி தோன்றாத காலத்தில், காகிதமும் மையும் தட்டச்சுப் பொறியும் கொண்டு செய்து முடித்த வேலை இது.

இத்தனை கோடி ஏடுகளை வைப்பது எங்கே? தலைநகராகிய வாஷிங்டனில் அதற்கேற்ற கட்டடம் கிடைக்கவில்லை. பால்ட்டிமோர் நகரத் துறைமுகத்தை அண்டி நின்ற காண்ட்லர் கட்டடம் என்னும் பழைய பெருங் கட்டடமே வாடகைக்கு எடுக்கப்பட்டது. அங்கே தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு ஏடு திறக்கப்பட்டது. முதலாளிமார் அனுப்பிய சம்பள அறிக்கைகள் துளையிட்ட அட்டைகளாக மாற்றப்பட்டன. இருவகை அட்டை அடுக்குகளை ஒப்பிட்டு ஒன்றுசேர்ப்பதற்கென்றே ஒரு புதுப்பொறி ஆக்கப்பட்டது.

முதலாளிமாரின் கடமை முதலில் அரையாண்டுக்கு ஒருமுறையும், 1938 முதல் காலாண்டுக்கு ஒருமுறையும் அறிக்கை அனுப்புவதாயிற்று. வந்த அறிக்கைகள் எல்லாம் செம்மையாக இருக்கவில்லை. சிலவற்றில் எண் இல்லை. சிலவற்றில் பெயரெழுத்துப் பிழை. இலிகிதர்கள் பெயரின் எழுத்தை விடுத்து, அதன் ஒலியைக் கொண்டு வகுத்த அட்டவணைகளிலே தேடிக் கணக்குக்கு உரியவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓரெழுத்துத் தவறினால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் ஏட்டிலே ஏறிவிடும். அல்லது எவர் ஏட்டிலும் ஏறாது போய்விடும். சம்பளப் பட்டியலை எழுதும் ஒரு சிறு கடைக்காரரின் கவனத்திலே, முப்பது ஆண்டுகளின் பின் ஒரு முதியவர் உண்ணப்போகும் உணவு தங்கியிருந்தது.

இதற்கிடையே திட்டம் நீதிமன்றத்திலும் சோதனைக்கு உள்ளாயிற்று. பொஸ்டன் நகர மின்சாரக் கம்பனி ஒன்றிலே பங்குடைய டேவிஸ் என்பவர், தம் கம்பனி இவ்வரியைச் செலுத்தவோ தொழிலாளரின் சம்பளத்திற் பிடிக்கவோ கூடாது என்று தடை கோரி வழக்காடினார். அதியுயர் நீதிமன்றம் 1937 மே 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. எழுவர் இருவர் என்ற பெரும்பான்மையால் சட்டம் செல்லும் எனத் தீர்ந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கார்டோசோ. முதுமையின் வறுமை ஒரு மாநிலத்தின் துன்பமன்று, நாடு முழுவதன் துன்பம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று.

எனினும், நாடு முழுவதற்கும் என்று பேசப்பட்ட திட்டத்தின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் அதில் அடங்கவில்லை. சிதறிக் கிடக்கும் அவர்களுடைய சம்பளத்தைப் பதிந்து பணம் பிடிப்பது கடினம் என்று காரணம் கூறப்பட்டது. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிற் பெரும்பாலார் இவ்விரு தொழில்களிலேயே உழைத்தனர். சம்பளப் பட்டியலில் பெயர் ஏறாதவனுக்குப் பிடித்தமும் இல்லை. முதுமையிற் காப்பும் இல்லை. அவனிடம் சதம் கழிக்கப்படவில்லை என்பது சலுகையன்று, இழப்பு. 1950இலும் 1954இலும் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, ஒழுங்காக வேலைசெய்யும் இவ்வகைத் தொழிலாளர் உள்ளே வந்தனர்.

கணக்கின் பயன் என்ன என்பதை இருவர் வாழ்க்கை காட்டுகிறது. வெர்மொன்ற் மாநிலத்தின் லட்லோ என்னும் சிற்றூரில் சட்டத்தரணிகளின் கந்தோரிலே வேலைபார்த்தவர் ஐடா மே புல்லர் அம்மையார். 1939 நவம்பரில் ஒரு நாள் அயலிலுள்ள ரட்லண்ட் நகருக்குச் சென்றபொழுது, சமூகப் பாதுகாப்புக் கந்தோரிற் புகுந்து, தம் சம்பளத்திற் பிடித்த பணத்தைப் பற்றி விசாரித்தார். பெரிதாக எதையும் எதிர்பார்த்து அவர் போகவில்லை. பணம் கட்டி வந்தவர் அது என்னவாயிற்று என்று கேட்கப் போனார். 1940 ஜனவரி 31ஆம் நாள், மாதாந்தக் கொடுப்பனவின் முதலாவது காசோலை அவர் பெயருக்கு எழுதப்பட்டது. தொகை 22 டொலர் 54 சதம். மூன்று ஆண்டுகளில் அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டிருந்தது 24 டொலர் 75 சதமே. அவர் 100 வயது வரை வாழ்ந்து 1975இற் காலமானார். அதற்குள் அவர் பெற்ற மொத்தம் 22,888 டொலர் 92 சதம். திட்டத்தை எதிர்த்து வாக்களித்த இரு மாநிலங்களுள் ஒன்றிலேதான் அதன் முதற் காசோலை சென்று சேர்ந்தது.

மற்றவர் நியூயோர்க் மாநிலத்தின் ஜோன் டேவிட் சுவீனி. பால்ட்டிமோரிலே 1936 டிசம்பர் முதலாம் நாள் முதன்முதலாகத் திறக்கப்பட்ட கணக்கு ஏடு அவருடையது. அவர் 1974இல் தமது 61ஆவது வயதில் இறந்தார். ஓய்வூதியமாக ஒரு சதமேனும் அவர் பெறவில்லை. ஆனால் 1939இல் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தவரின் குடும்பத்தினருக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. அவருடைய விதவை மனைவி அவ்வுரிமையைப் பெற்றார். கணக்குக்குரியவர் மறைந்தபின்னும் கணக்கு மறையவில்லை.

அதே 1939ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு கடமையையும் விதித்தது. முதலாளி தாம் கொடுத்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் குறித்துத் தொழிலாளிக்கு எழுத்துமூலம் ஓர் ஓலை கொடுக்க வேண்டும். இது சிறு விதி போலத் தோன்றும். ஆனால் அதுவரை முதலாளியிடமும் அரசாங்கத்திடமும் மட்டும் இருந்த கணக்கு, இதனால் தொழிலாளியின் கைக்கும் வந்தது. தன் கணக்கைத் தானே ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அவனுக்குப் பிறந்தது.

இரண்டாம் உலக யுத்தம் இவ்வமைப்பை வேறொரு தேவைக்குப் பயன்படுத்தியது. அதுவரை வருமான வரி வசதி படைத்தோரின் வரியாகவே இருந்தது. ஓராண்டில் ஈட்டியதற்குரிய வரியை அடுத்த ஆண்டிலே நான்கு தவணைகளிற் கட்டுவது வழக்கம். யுத்தச் செலவுக்காக வரி சாதாரண தொழிலாளர் மீதும் படர்ந்தபொழுது, அவர்கள் ஓராண்டு காத்திருந்து பெருந்தொகை கட்டுவர் என்று எதிர்பார்க்க இயலாதாயிற்று. 1943 ஜனவரியில் 'வெற்றி வரி' என்ற பெயரில் நூற்றுக்கு 5 வீதம் சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. ஆனால் முழு வருமான வரியையும் அவ்வாறு பிடிக்க முயன்றால், முந்திய ஆண்டின் வரியையும் நடப்பு ஆண்டின் வரியையும் ஒருங்கே கட்ட நேரும். மேசி என்னும் பெரும் வாணிபக் கம்பனியின் தனாதிகாரியாக இருந்த பேட்ஸ்லி ரமல், முந்திய ஆண்டின் வரியை மன்னித்துவிடுக என்று யோசனை கூறினார். கடிகாரத்தை ஓராண்டு முன்னே தள்ளுவது போன்றது இது. திறைசேரிக்குப் பணம் வருவது நிற்காது என்பது அவர் வாதம். நெடிய விவாதத்தின்பின் ஓராண்டு வரியில் முக்காற் பங்கை மன்னிக்கச் சபை உடன்பட்டது. 1943 ஜூன் 9ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. ஜூலை முதலாம் நாள் பிடித்தம் தொடங்கியது.

இத்தனை விரைவில் அது சாத்தியமானதற்குக் காரணம், ஆறு ஆண்டுகளாகச் சதக் கணக்கெழுதிப் பழகிய சம்பள இலிகிதர்களே. எண்கள் இருந்தன, ஏடுகள் இருந்தன, முதலாளிமாரின் கையும் பழகியிருந்தது. 1939இல் ஏறக்குறைய 40 இலட்சம் பேர் வருமான வரி கட்டினர். 1945இல் அத்தொகை 4 கோடிக்கு மேலாயிற்று. அமெரிக்கத் திறைசேரியில் அப்பொழுது பணிபுரிந்து இத்திட்டத்தை வகுக்க உதவியவர்களுள் ஒருவர், பிற்காலத்திற் புகழ்பெற்ற பொருளியலறிஞர் மில்ற்றன் பிரீட்மன். யுத்த காலத்தில் அது இன்றியமையாதது என்று ஒப்புக்கொண்ட அவரே, அரசாங்கம் அளவுக்கு மீறி வளர அது வழிசெய்துவிட்டது என்று முதுமையில் வருந்தினார். கையிற் பெறாத பணத்தின் இழப்பைக் கை உணர்வதில்லை. நோவு குறைகிறது என்பது இம்முறையின் நன்மை; நோவு குறைவதனாற் கேள்வியும் குறைகிறது என்பது அதன் குறை.

இம்முறையில் முதலாளியின் நிலை விந்தையானது. அவர் அரசாங்கத்தின் சம்பளம் பெறாத இலிகிதர். தொழிலாளியின் பணத்தைச் சில நாட்கள் காக்கும் தர்மகர்த்தா. பிடித்த பணம் அவர் பெட்டியில் இருந்தாலும் அது அவர் பணமன்று. வியாபாரம் நலிந்து, கடன்காரர் நெருக்கும்பொழுது, அப்பணத்தை எடுத்துக் கடையை ஒரு வாரம் காப்பாற்றுவோம் என்ற எண்ணம் எழுவது மனித இயல்பு. அதனாலேயே அமெரிக்கச் சட்டம் அப்பணத்தை நம்பிக்கைப் பொருள் என்று வகுத்துள்ளது. செலுத்த வேண்டிய பொறுப்புடையவர் வேண்டுமென்றே செலுத்தத் தவறினால், கம்பனி மூழ்கினாலும் அவர் தப்புவதில்லை; தவறிய தொகைக்குச் சமமான தண்டம் அவருடைய சொந்தப் பொருளின்மீதே விழும்.

காலாண்டுதோறும் ஒவ்வொருவர் சம்பளத்தையும் தனித்தனி எழுதி அனுப்பும் வழக்கம் நாற்பது ஆண்டுகள் நிலவியது. 1976இல் வந்த சட்டத்தினால், 1978ஆம் ஆண்டுச் சம்பளம் தொடக்கம், ஆளுக்கொரு ஆண்டறிக்கை என்ற முறை ஏற்பட்டது. ஒரே பத்திரம் தொழிலாளிக்கும் சமூகப் பாதுகாப்புப் பகுதிக்கும் வரிப் பகுதிக்கும் பயன்படுகிறது. அன்று நூற்றுக்கு ஒன்றாக இருந்த பிடித்தம், முதியோருக்கான மருத்துவக் காப்பையும் சேர்த்து, இன்று நூற்றுக்கு 7.65 வீதமாக உயர்ந்துள்ளது. முதலாளியும் அதே அளவு கொடுக்கிறார்.

இலங்கையில் இதன் சாயலைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஊழியர் சேமலாப நிதி இந்நாட்டிலே அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 4 வீதமும், வேலைகொள்வோரிடமிருந்து 6 வீதமும் பெறப்பட்டன. இன்று அவை 8 வீதமும் 12 வீதமுமாக உள்ளன. அமெரிக்கத் திட்டம் வரியாகவும் காப்புறுதியாகவும் அமைய, இது ஊழியர் பெயரிலேயே சேரும் சேமிப்பாக அமைந்தது. ஆனால் அச்சாணி ஒன்றே. மாதந்தோறும் பணத்தோடு பெயரும் உறுப்பினர் இலக்கமும் சம்பளமும் எழுதிய அறிக்கை சென்றாக வேண்டும். பணம் பிடித்தும் அனுப்பாதவரால், அல்லது குறைந்த சம்பளத்தை எழுதி அனுப்புபவரால், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கடையிலோ உழைத்தவர் ஒருவர் தம் 55ஆவது வயதில் வெறுங்கையோடு நிற்க நேரும்.

ஆகவே, சம்பள நாளிலே கையில் வந்த தொகையை எண்ணிப் பார்ப்பவர், கழிந்த தொகையையும் எண்ணிப் பார்ப்பது நன்று. கழித்தது எவ்வளவு, எவர் பெயரில் எழுதப்பட்டது, உரிய இடத்தைச் சேர்ந்ததா என்று கேட்பது அவநம்பிக்கையன்று. அது உழைத்தவனின் உரிமை. ஐடா மே புல்லர் அம்மையார் ரட்லண்ட் கந்தோரின் படியேறிக் கேட்டதும் இதனையே. கிளீவ்லன்டின் ட்ராம் சாரதிக்கு 17 சதம் கிடைத்தது, ஒரு நாளின் 5 சதத்தையும் சிறிதென்று தள்ளாமல் எவரோ ஒருவர் அவர் பெயரில் எழுதி வைத்தபடியாலேதான்.